அப்பாவுக்கு ஸ்பைனல் ஸ்டெனோசிஸ்: ஆபரேஷன் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

செல்வி தஞ்சை

வணக்கம். அப்பாவுக்கு 69 வயது. கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு வருடமாகவே நடந்தால் கால் கனக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பால் பூத் வரை போவதற்குள் பிட்டத்தில் ஆரம்பித்து தொடை, கெண்டைக்கால் என்று கீழே இழுத்துக்கொண்டே போகிறது, அப்புறம் மரத்துவிடுகிறது. யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். எழுந்து நடந்தால் மறுபடி அதே கதைதான்.

ஆனால் சைக்கிளில் பெரிய கோயில் வரை போய்விட்டு ஒரு வலியும் இல்லாமல் திரும்பி வருகிறார். "சைக்கிள் மிதிக்கிற காலுக்கு நடக்க மட்டும் என்ன வலி?" என்று சித்தப்பா கேட்டுவிட்டார். அப்பாவுக்குக் கால் வலியைவிட அந்தப் பேச்சுதான் பெரிய வருத்தம்.

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். எல்4-எல்5 இடத்தில் 'சிவியர் கேனல் ஸ்டெனோசிஸ்', எல்3-எல்4 இடத்தில் 'மாடரேட்' என்று ரிப்போர்ட். அதாவது கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே நரம்புப் பாதை ரொம்பவும், அதற்கு மேல் இடத்தில் ஓரளவும் குறுகியிருக்கிறதாம். ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார். முதுகில் கத்தி வைத்தால் எழுந்து நடக்கவே முடியாது என்று அத்தை பயமுறுத்துகிறார். அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. வலி அதிகமானால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். ஆபரேஷன் இல்லாமல் இதைச் சமாளிக்கிறவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

ரமணி, பிசியோதெரபிஸ்ட், திருச்சி

செல்வி, உங்கள் அப்பா சொல்வது அப்படியே உண்மை. சித்தப்பாவிடம் இதைக் காட்டுங்கள். நடக்க முடியாது, ஆனால் சைக்கிள் மிதிக்க முடியும் என்பது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று.

முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கிவரும் ஒரு பாதை இருக்கிறது. வயதாக ஆக முன்பக்கம் ஜவ்வு பிதுங்கும், பின்பக்கம் மூட்டுகள் தடிக்கும், எலும்புகளை இணைக்கும் மஞ்சள் நிறத் தசைநாரும் தடிக்கும். மூன்றும் சேர்ந்து பாதையைக் குறுக்கிவிடுகின்றன. கீழ்முதுகில் பெரும்பாலும் எல்4-எல்5 இடத்தில்தான் இது முதலில் வரும்.

இனி முக்கியமான விஷயம். நிமிர்ந்து நிற்கும்போது கீழ்முதுகு பின்பக்கம் வளைகிறது. அப்போது அந்தத் தசைநார், முழுக்கைச் சட்டையை மேலே தள்ளினால் மடிப்பு விழுவது போல, மடிந்து பாதைக்குள் துருத்திக்கொள்ளும். ஏற்கெனவே குறுகிய பாதை இன்னும் குறுகும், நரம்புகளுக்குப் போய்வரும் ரத்த ஓட்டம் தடைப்படும். நடக்கும்போது நரம்புக்கு அதிக ரத்தம் வேண்டும், அது கிடைப்பதில்லை. அதனால்தான் கனம், இழுப்பு, மரப்பு எல்லாம். முன்னால் குனிந்தால் மடிப்பு விரிந்து பாதை கொஞ்சம் திறக்கிறது. சைக்கிளில் அவர் ஹேண்டில்பாரைப் பிடித்து முன்னால் சாய்ந்திருக்கிறார், அதனால் வலி இல்லை. மேட்டில் ஏறுவதைவிட இறக்கத்தில் இறங்குவது இவர்களுக்குக் கஷ்டமாக இருப்பதற்கும் இதே காரணம்தான்.

இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். வலி வந்ததும் சும்மா நின்றால் போதுமா, உட்கார்ந்தாலோ குனிந்தாலோதான் குறைகிறதா? பாதத்தில் நாடி பார்த்தார்களா?

செல்வி தஞ்சை

நின்றால் குறைவதில்லை மேடம், உட்கார்ந்தே ஆக வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால் கொஞ்சம் கூடுதலாகப் போகிறார். பாதத்தில் நாடி யாரும் பார்த்ததாக நினைவில்லை.

ரமணி, பிசியோதெரபிஸ்ட், திருச்சி

அதைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் ரத்தக்குழாய் அடைப்பும் வரும், அதிலும் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும். வித்தியாசம் என்னவென்றால், ரத்தக்குழாய் அடைப்பில் நின்றாலே வலி போய்விடும், குனிய வேண்டியதில்லை. சைக்கிள் மிதித்தாலும் வலிக்கும். உங்கள் அப்பா சொல்வது முதுகுப் பக்கம்தான் கைகாட்டுகிறது. ஆனாலும் இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். கையிலும் கணுக்காலிலும் பிரஷர் எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும், ஊசிகூட இல்லை.

கிராமத்து டாக்டர்

நான் பொது மருத்துவர், முதுகு நிபுணர் அல்ல. ஆனால் இந்த மாதிரி நோயாளிகளை அன்றாடம் பார்க்கிறேன். ரமணி சொன்னதோடு சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

முதலில் அந்த ரிப்போர்ட். 'சிவியர்' என்ற வார்த்தையைப் பார்த்து வீடே கலங்கிப் போயிருக்கும். 1990-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. முதுகுவலியே இல்லாத 67 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 60 வயது தாண்டியவர்களில் 21 சதவீதம் பேருக்குப் படத்தில் ஸ்டெனோசிஸ் இருந்தது. ஒரு தொந்தரவும் இல்லாமலே! எனவே ஃபிலிமை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. உங்கள் அப்பா எவ்வளவு தூரம் நடக்கிறார், காலில் பலம் எப்படி இருக்கிறது, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா, இவைதான் முடிவைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஆபரேஷன் செய்யாவிட்டால் படுத்த படுக்கையாகிவிடுவார் என்று பயப்பட வேண்டாம். 2022-ல் ஒரு முன்னணி மருத்துவ இதழில் வந்த தொகுப்புக் கட்டுரையின்படி, ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்களை மூன்று வருடம்வரை கவனித்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பேர் முன்னேறினார்கள், பாதிப் பேர் அப்படியே இருந்தார்கள், 10 முதல் 20 சதவீதம் பேருக்கு மோசமானது. அவசரமில்லாமல் சில மாதம் பயிற்சி செய்து பார்க்க நேரம் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அதுதான் முதல் படி.

மூன்றாவது, மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரை. இதுதான் எனக்குப் பெரிய கவலை. சர்க்கரை, பிரஷர் உள்ளவர் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை அடிக்கடி போட்டால் கிட்னி பாதிக்கும், வயிற்றில் புண் வரும், பிரஷரும் ஏறும். பிரஷருக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளோடும், நீர் பிரிய வைக்கும் மாத்திரைகளோடும் சேர்ந்தால் கிட்னிக்கு ஆபத்து இன்னும் அதிகம். கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் எடுத்துவிடுங்கள். அப்படியே வைட்டமின் பி12 அளவும் பாருங்கள். பல வருடம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், அதுவும் காலை மரக்கவைக்கும். பழி முழுவதும் முதுகின் மேலேயே விழக்கூடாது.

குமரேசன், மதுரை

செல்வி தங்கச்சி, எனக்கு 72 வயது. பஸ் கண்டக்டராக இருந்தவன், வாழ்க்கையில் பாதி நின்றே போயிற்று. எனக்கும் இதே எல்4-எல்5தான். ஆபரேஷன் செய்யவில்லை. முன்பு நேதாஜி ரோட்டைக் கடக்கவே திணறினேன், இப்போது மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியைச் சுற்றி வருகிறேன். இடையில் உட்கார்ந்துதான். ஆனால் சுற்றி வருகிறேன்.

நான் செய்வதைச் சொல்கிறேன். காலையில் கண் விழித்ததும் எழ மாட்டேன். மல்லாந்து படுத்தபடி ஒரு முழங்காலைக் கையால் பிடித்து நெஞ்சுப் பக்கம் கொண்டுவருவேன், மூச்சு விடுகிற அளவுக்குக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு இறக்குவேன். அடுத்தது மறுகால். அப்புறம் இரண்டையும் சேர்த்து. பிறகு கால்களை மடக்கி வைத்து, இடுப்புக்குக் கீழே இருக்கும் இடைவெளி மறைகிற மாதிரி முதுகைப் பாயோடு அழுத்துவேன். பார்த்தால் ஒன்றும் செய்யாத மாதிரி இருக்கும், வயிற்றுத் தசைக்குத் தெரியும். கடைசியாக இடுப்பைக் கொஞ்சம் தூக்கி இறக்குவது. இதெல்லாம் முடித்து, ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றித்தான் எழுவேன்.

நடையில் ஒரே விதி. வலி வந்த பிறகு உட்காருவது தப்பு. கால் கனக்கப் போகிறது என்று தெரியும், உங்கள் அப்பாவுக்கும் தெரியும். அதற்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டும். சும்மா உட்காராமல் முழங்கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து உட்காரச் சொல்லுங்கள், சீக்கிரம் தெளியும். தெளிந்ததும் எழுந்து அடுத்த தவணை நடை. ஒரே மூச்சில் நடந்து வலியை ஜெயிக்கலாம் என்று வீம்பு பண்ணினால் மறுநாள் முழுக்கப் படுக்கைதான்.

சைக்கிள் நல்ல மருந்து, விடச் சொல்லாதீர்கள். தெருவில் போக்குவரத்துக்குப் பயம் என்றால் வீட்டிலேயே நிற்கும் சைக்கிள் வாங்கிப் போடுங்கள். பேரன் பிறந்த பிறகு அவனை வைத்துத் தள்ளும் வண்டியைப் பிடித்துக்கொண்டு போனேன், வழக்கத்தைவிட ரொம்ப தூரம் போக முடிந்தது. கைப்பிடி முன்னால் இருப்பதால் உடம்பு தானாகக் குனிகிறது. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியிலும் அப்படித்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் சக்கரம் வைத்த வாக்கர் வாங்கினேன், உட்கார்ந்துகொள்ளச் சின்ன சீட்டும் அதிலேயே இருக்கிறது.

மல்லிகா, சேலம்

அண்ணன் சொல்வதெல்லாம் வெளியில் நடக்கிறவர்களுக்கு. வீட்டுக்குள் நிற்கிற பெண்கள் கதையை யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன்.

எனக்கும் ஸ்டெனோசிஸ்தான். கோலம் போடக் குனிந்தால் சுகமாக இருக்கிறது, தோசைக் கல் முன்னால் நின்றால் கால் எரிகிறது. டாக்டரிடம் சொன்னேன், "குனியாதீர்கள்" என்று அறிவுரை வந்தது. ஜவ்வு விலகினவர்களுக்குச் சொல்கிற அறிவுரையை எனக்கும் சொல்லிவிட்டார். பிசியோதெரபியில்தான் இரண்டும் வேறு என்று புரிய வைத்தார்கள்.

இப்போது அடுப்பு மேடைக்குக் கீழே ஒரு சின்ன மரப்பலகை வைத்திருக்கிறேன். நிற்கும்போது ஒரு காலை அதன் மேல் வைப்பேன், கொஞ்ச நேரம் கழித்துக் காலை மாற்றுவேன். ஒரு காலைத் தூக்கி வைத்தால் இடுப்பு பின்னால் வளைவது குறைகிறது. காய் நறுக்குவது, மாவு பிசைவது, துணி மடிப்பது எல்லாம் உட்கார்ந்துதான். மேடைக்குச் சமமாக வருகிற உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கினேன், தோசை கூட அதில் உட்கார்ந்தே சுடுகிறேன். மேல் அலமாரியில் இருந்த டப்பாக்களை எல்லாம் கீழே இறக்கிவிட்டேன், ஏனென்றால் கையை உயர்த்தி அண்ணாந்து எடுக்கும்போது முதுகு பின்னால் வளைகிறது. கல்யாண வீட்டில் ஹை ஹீல்ஸ் போடுவதை நிறுத்திவிட்டேன்.

ராத்திரி ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை. மல்லாந்து படுத்தால் முழங்காலுக்குக் கீழே தலையணை. குப்புறப் படுப்பதே இல்லை.

ரமணி, பிசியோதெரபிஸ்ட், திருச்சி

மல்லிகாக்கா, அந்தப் பலகை யோசனையை என்னிடம் வருகிற எல்லோருக்கும் சொல்லப் போகிறேன். பெண்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கணக்குப் போடாமல் எந்தப் பயிற்சி கொடுத்தாலும் அது பாதி வைத்தியம்தான்.

யோகா_சுந்தர்

தினமும் புஜங்காசனம், சலபாசனம் செய்தால் முதுகெலும்பு பலப்படும். யூடியூபில் நிறைய பேர் குணமானதாகச் சொல்கிறார்கள். செல்வி மேடம், அப்பாவை அதில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

ரமணி, பிசியோதெரபிஸ்ட், திருச்சி

சுந்தர் சார், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்த இரண்டு ஆசனங்களும் முதுகைப் பின்னால் வளைப்பவை. ஜவ்வு பிதுங்கிக் கால் இழுக்கிற சிலருக்கு அது உதவும். ஸ்டெனோசிஸில் அதே வளைவுதான் வலியைக் கிளப்புகிறது. இவர்களுக்குப் பவனமுக்தாசனம், பாலாசனம் போன்று முன்பக்கம் சுருளும் நிலைகள் சரிப்படும். பூனை மாதிரி நாலு காலில் நின்று முதுகை மேலே வளைக்கும் பயிற்சியும் நல்லது, கீழே தொய்யவிடுவதை மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. எலும்பு பலவீனமானவர்கள், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்கள், நின்றபடியோ உட்கார்ந்தபடியோ பலமாகக் குனிந்து கால்விரலைத் தொடும் ஆசனங்களைச் செய்யக் கூடாது. முதுகெலும்பு நொறுங்கக்கூடும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குவது பாதுகாப்பானது. முழங்கால் தேய்மானம் இருந்தால் முட்டியின் மேல் பிடிக்காமல் தொடையின் பின்புறம் பிடித்து இழுக்க வேண்டும். வீடியோ பார்த்து ஆரம்பிக்காமல் ஒரு தடவையாவது நேரில் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. வெளியே வரவே முடியாதவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

தங்கராஜ், நாகர்கோவில்

எங்கள் ஊர்ப் பக்கம் வர்ம வைத்தியர்கள் தைலம் போட்டு நீவி, ஒரு அமுக்கு அமுக்கி முதுகை நேராக்குவார்கள். எனக்கு இடுப்புப் பிடிப்பு போனது. முயற்சி செய்யலாமே?

ரமணி, பிசியோதெரபிஸ்ட், திருச்சி

தங்கராஜ் அண்ணே, தைலம் போட்டு மென்மையாக நீவுவதில் தவறில்லை. இறுகிப்போன தசைக்கு இதம் தரும், தூக்கமும் நன்றாக வரும். ஆனால் இங்கே பாதை குறுகியது எலும்பும் தசைநாரும் தடித்ததால். அதைக் கையால் விரிக்க முடியாது. 69 வயதுக்காரரைப் படுக்கவைத்து முறுக்குவதும், முதுகில் ஏறி மிதிப்பதும் வேண்டவே வேண்டாம். யார் செய்தாலும் வேண்டாம்.

பாலு, ஓசூர்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு 58 வயது. எனக்குக் கழுத்தில் ஸ்டெனோசிஸ் என்று ரிப்போர்ட். வலி பெரிதாக இல்லை. சில மாதமாகச் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறது, கையெழுத்து மாறிவிட்டது என்று பேங்கில் சொன்னார்கள். நடக்கும்போது செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்தால்கூடத் தெரிவதில்லை, பின்னால் வருகிறவர்கள்தான் சொல்கிறார்கள். குமரேசன் ஐயா சொன்ன பயிற்சிகளை நானும் செய்யலாமா?

கிராமத்து டாக்டர்

பாலு, இந்த இழையில் உள்ள எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. தயவுசெய்து எந்தப் பயிற்சியும் ஆரம்பிக்காமல், இந்த வாரமே நரம்பியல் அறுவை மருத்துவரையோ முதுகெலும்பு மருத்துவரையோ பாருங்கள்.

கீழ்முதுகில் எல்4-எல்5 உயரத்தில் தண்டுவடம் முடிந்துபோய் நரம்புக் கற்றைகள்தான் இருக்கும், அவை ஓரளவு தாங்கும். கழுத்தில் தண்டுவடமே இருக்கிறது. கைவிரல் நுணுக்கம் குறைவது, செருப்பு கழல்வது தெரியாமல் போவது, நடை தள்ளாடுவது, இவை தண்டுவடம் நசுங்குவதற்கான அறிகுறிகள். வலி இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. இழந்த பலம் பிறகு முழுதாகத் திரும்பாமல் போகலாம். கழுத்தைச் சொடுக்கெடுக்க யாரிடமும் கொடுக்காதீர்கள், சலூனில்கூட. வண்டி ஓட்டுவதையும் தற்போதைக்கு நிறுத்துங்கள், கீழே விழுந்தால் ஆபத்து.

குமரேசன், மதுரை

தம்பி பாலு, டாக்டர் சொல்வதைத் தள்ளிப் போடாதே. பார்த்துவிட்டு இங்கே வந்து சொல்.

செல்வி தஞ்சை

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ரொம்ப நன்றி. டாக்டர் சார், முதுகில் ஊசி போட்டால் ஆபரேஷனைத் தவிர்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? 'நரம்பு மாத்திரை' என்று கேபாபென்டினும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதைச் சாப்பிட்டால் அப்பா பகலிலும் தூங்குகிறார்.

கிராமத்து டாக்டர்

ஊசி பற்றி நேராகச் சொல்கிறேன். 2014-ல் அமெரிக்காவில் ஸ்டெனோசிஸ் உள்ள 400 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டும், மறு பாதிக்கு மரப்பு மருந்து மட்டும் முதுகில் செலுத்தினார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் ஸ்டீராய்டு சேர்த்ததால் பெரிய பலன் இல்லை. சிலருக்குச் சில வாரம் வலி தணியலாம், அந்த இடைவெளியில் பயிற்சியைப் பிடித்துக்கொள்ள முடிந்தால் லாபம். நீண்ட காலத்துக்கு அது தீர்வல்ல. உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கேபாபென்டின், அதே வகையைச் சேர்ந்த பிரிகாபலின் இரண்டுக்கும் இந்த நோயில் சான்று பலமாக இல்லை. 2021-ல் வந்த ஒரு வழிகாட்டுதல் இவற்றைப் பரிந்துரைக்கவே இல்லை. வயதானவர்களுக்குத் தூக்கம், தலைசுற்றல் வரும், கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது இதைவிடப் பெரிய பிரச்சினை. ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்தவரிடமே போய் அப்பா தூங்குவதைச் சொல்லி, படிப்படியாகக் குறைக்கலாமா என்று கேளுங்கள்.

ஹேமா, கோவை

எல்லோரும் ஆபரேஷன் இல்லாத பக்கமே எழுதுகிறீர்கள். அத்தை பயமுறுத்துகிறார் என்று செல்வி எழுதியதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

அம்மா ஒரு வருடத்துக்கு மேல் பயிற்சி செய்தார். ஒழுங்காகத்தான் செய்தார். அப்படியும் அடுப்படியில் நிற்க முடியாமல் போயிற்று, கடைசியில் பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் படியில் தட்டியது. ஆபரேஷன் செய்தோம். மறுநாளே நடக்க வைத்தார்கள். காலில் இழுப்பு போய்விட்டது. முதுகுவலி கொஞ்சம் இருக்கிறது, அது முழுதாகப் போகாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இப்போது வீட்டு வேலை, கோயில், கடை எல்லாம் போகிறார். முதுகில் கத்தி வைத்தால் நடக்க முடியாது என்பது எல்லோருக்கும் உண்மையல்ல. தயவுசெய்து அந்தப் பயத்தில் முடிவெடுக்காதீர்கள்.

கிராமத்து டாக்டர்

ஹேமா சொல்வதை நான் வழிமொழிகிறேன். 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆபரேஷனுக்குச் சம்மதித்திருந்த 169 பேரில் ஒரு பகுதியினருக்கு ஆபரேஷனும், மற்றவர்களுக்குப் பிசியோதெரபியும் என்று பிரித்தார்கள். இரண்டு வருடம் கழித்து இரு பிரிவினரின் நடமாட்டமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் பிசியோதெரபி பிரிவில் 57 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்கு மாறிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பாதியை மட்டும் சொல்லி ஆபரேஷன் வீண் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

ஒருவேளை ஆபரேஷன் என்று முடிவானால் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: அழுத்தத்தை எடுத்துவிடுவது மட்டும் போதுமா, ஸ்க்ரூ வைத்து எலும்புகளை இணைக்கவும் வேண்டுமா, ஏன்? 2016-ல் ஸ்வீடனில் 247 பேரிடம் நடந்த ஆய்வில், இணைப்பு ஆபரேஷனையும் சேர்த்துச் செய்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. எலும்பு நிலைகொள்ளாமல் நகர்கிறவர்களுக்கு அது தேவைப்படலாம். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை, செலவும் பல மடங்கு வேறுபடும்.

இனி சொல்வதை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் கசிவது, மலம் அடக்க முடியாமல் போவது, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப் போவது, கால் பலம் நாளுக்கு நாள் குறைவது, பாதம் தொங்கிப்போவது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனை, ராத்திரியானாலும் சரி. காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவர் என்றாலும் தள்ளிப்போடக் கூடாது.

பாலு, ஓசூர்

டாக்டரைப் பார்த்துவிட்டேன். கழுத்தில் தண்டுவடம் நசுங்கியிருப்பது உண்மை, ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இங்கே கேட்காமல் இருந்திருந்தால் முழங்காலை மடக்கிப் பயிற்சி செய்துகொண்டிருப்பேன். நன்றி.

மல்லிகா, சேலம்

நல்லபடியாக முடியும் தம்பி. முடிந்ததும் சொல்லுங்கள்.

செல்வி தஞ்சை

ஒரு தகவல், இரண்டு கேள்வி.

பாதத்தில் நாடி பார்த்தார்கள், ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது. பி12 குறைவாக இருந்தது, அதற்கு மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். மெடிக்கல் மாத்திரையை நிறுத்திவிட்டோம், கிட்னி நல்லவேளையாகச் சரியாக இருக்கிறது. தெருவில் எங்கெல்லாம் உட்கார இடம் இருக்கிறது என்று அப்பாவும் நானும் பார்த்து வைத்தோம். ஒரு திண்ணை, ஒரு பெட்டிக்கடை பெஞ்சு, கோயில் மதில் ஓரம். பெஞ்சுக்காரரிடம் சொல்லிவிட்டோம், அவர் அப்பாவுக்காக ஓரத்தைக் காலியாக வைக்கிறார். இப்போது பால் பூத்துக்கு வலி வராமலே போய் வருகிறார். அதற்கு மேல் இன்னும் போகவில்லை. சித்தப்பாவும் இந்த இழையைப் படித்தார்.

முதல் கேள்வி: பெல்ட் கட்டலாமா? இரண்டாவது: ஆறு மாதம் கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்து அடைப்பு திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா?

ரமணி, பிசியோதெரபிஸ்ட், திருச்சி

பெல்ட்: தொலைவு நடக்க வேண்டிய நாளில், விசேஷ வீட்டில் நிற்க வேண்டியிருந்தால் கட்டலாம். நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு பயிற்சியை விட்டுவிடக் கூடாது. வாங்கும்போது முதுகைப் பின்னால் நிமிர்த்தும் கடினமான பெல்ட்டைத் தவிர்த்து, போட்டு நடந்து பார்த்து வாங்குங்கள்.

அடுத்த கட்டமாக, உட்காரும் இடங்களுக்கு நடுவே தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், வேகத்தைக் கூட்ட வேண்டாம். அப்பா எவ்வளவு தூரத்தில் கனம் ஆரம்பிக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதட்டும், கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதியவர் நன்றாகவே எழுதுவார்.

கிராமத்து டாக்டர்

எம்.ஆர்.ஐ. வேண்டாம். பயிற்சியால் குறுகிய பாதை விரியாது, எனவே படத்தில் அதே 'சிவியர்'தான் இருக்கும். நடை கூடியிருக்கும்போது அதைப் பார்த்து மறுபடி பயப்படுவதில் என்ன பயன்? புதிதாக பலக்குறைவோ, நான் எழுதிய அபாய அறிகுறியோ வந்தால், அல்லது ஆபரேஷன் என்று முடிவெடுத்தால் மட்டும் எடுங்கள். அதுவரை ரமணி சொன்ன நோட்டு போதும். மூன்று மாதம் கழித்து அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.